தரையில் தேடும் முன் குழலைப் பார்

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் நீ சிரிப்பாய். சுவருக்கு அந்தப் பக்கம் நீ டிரங்குப் பெட்டியைத் திறந்து மூடும் சத்தம் எனக்குக் கேட்கிறது. இட்லிப் பொடி வைக்கட்டுமா என்று உன் அம்மா மூன்றாவது முறையாகக் கேட்கிறாள், நீ வேண்டாம் என்கிறாய், அவள் எப்படியும் வைக்கத்தான் போகிறாள். எழுந்து நாலு எட்டு வைத்தால் நேரிலேயே பேசிவிடலாம். முடியவில்லை. முப்பது வருஷம் அடுத்தவனைப் பேச விடாமல் தான் மட்டுமே பேசிய வாய் இது. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

திங்கட்கிழமை ஆயுத அறைச் சாவி உன் கைக்கு வருகிறது. நான் பார்த்த அதே வேலை. துப்பாக்கிகளை வெளியே கொடுப்பது, சுடுதளத்துக்குக் கொண்டுபோவது, எல்லாம் திரும்பி வந்ததா என்று பார்த்துப் பூட்டுவது. உன் அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வேலையில் ஆளைக் கெடுப்பது துப்பாக்கி இல்லை. அது பெரியது, கண்ணுக்குத் தெரியும், எல்லோரும் பயந்து பத்திரமாகப் பிடிப்பார்கள். அதிலிருந்து கழன்று விழும் சில்லறைச் சாமான்தான் ஆபத்து. மேகசின், தோல்வார், எண்ணெய்க் குப்பி, குழல் துடைக்கும் புல்த்ரூ. இதில் ஒன்று காணோம் என்றால் அங்கே நிற்கும் அத்தனை பேருக்கும் புத்தி மழுங்கிவிடும். சாமானைத் தேடுவார்கள். எதிரே குண்டு போய்க்கொண்டிருப்பதை மறந்துவிடுவார்கள்.

ஒருமுறை ஒருவன் சுட்டுக்கொண்டிருக்கும்போது அவன் மேகசின் கழன்று சுடும் கோட்டுக்கு முன்னால் இரண்டடி தள்ளி விழுந்தது. பக்கத்தில் ஐந்து பேர் குறி பார்த்துப் படுத்திருக்கிறார்கள். இவன் பாட்டுக்குத் தவழ்ந்து முன்னால் போய்க் கையை நீட்டுகிறான், சட்டைப் பையிலிருந்து பேனா விழுந்தால் எடுப்பது போல. நான் அவன் இரண்டு காலையும் பிடித்து இழுத்தேன். இழுத்த பிறகு மிதித்தேன். இழுத்தது சரி. மிதித்தது தப்பு என்று அப்போது தெரியவில்லை. எது கழன்று விழுந்தாலும், எது காணாமல் போனாலும், முதலில் 'நிறுத்து' என்று ஒரே சத்தம் போடு. எல்லோரும் விரலை எடுக்கட்டும், போல்ட்டைப் பின்னால் இழுத்துத் தோட்டாவை வெளியே எடுக்கட்டும், துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நிற்கட்டும். சிவப்புக் கொடி ஏறட்டும். அதற்குப் பிறகு நீ சொல்லும் ஒரே ஒரு ஆள் போய் எடுக்கட்டும். எடுத்ததை அப்படியே மாட்டிச் சுடக் கூடாது. மண் அடைத்திருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா, அதே துப்பாக்கியுடையதுதானா என்று நீ பார்த்த பிறகுதான். இதெல்லாம் உனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நானும் நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன்தான். நான் சொல்ல வந்தது வேறு.

என் கீழ் வேலை பார்த்தவர்களுக்கு என் சுண்டுவிரலைக் கண்டால் நடுக்கம். துடைத்து வைத்த துப்பாக்கியின் வாயில் சுண்டுவிரலை விட்டுத் திருப்புவேன். கரி ஒட்டியிருந்தால் அந்தத் துப்பாக்கியைத் துடைத்தவனைக் கூப்பிட்டு அவன் கன்னத்தில் பூசுவேன். சாயந்தரம் வரை அதைக் கழுவக் கூடாது. அதே முகத்தோடு சாப்பிட வேண்டும், அதே முகத்தோடு வண்டி ஏற வேண்டும். கல்யாணமானவன், பிள்ளை பெற்றவன் எல்லாம் கன்னத்தில் கரியோடு நின்றிருக்கிறார்கள். என் ஆயுத அறை கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று அதிகாரிகள் எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கண்ணாடி எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

உனக்கும் அந்த மருந்தைக் கொடுத்திருக்கிறேன். அலாரம் கடிகாரத்துச் சாவி ஞாபகம் இருக்கிறதா? அப்போது உனக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை காலை, சாவி காணோம், நீதான் விளையாட எடுத்தாய் என்று நான் முடிவு கட்டினேன். குவார்ட்டர்ஸ் முற்றத்தில் உன்னை முட்டி போட வைத்து ஒவ்வொரு சாணாகத் தேடச் சொன்னேன். நீ தேடினாய். மத்தியானம் சட்டையை மாற்றும்போது பார்த்தேன், சாவி என் பையிலேயே இருந்தது. நீ படித்தது சரிதான். மத்தியானமே எனக்குத் தெரியும். உன்னைச் சாயந்தரம் வரை தேட விட்டேன். ஒரு பாடமாக இருக்கட்டும் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். பாடமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தப்பு என்னுடையது என்று உன் முன்னால் சொல்ல மனம் வரவில்லை. இருட்டுகிற நேரத்தில் அதை வாசற்படி ஓரத்தில் போட்டு நானே கண்டுபிடித்தது போலக் கத்தினேன். நீ அழுதுகொண்டே என்னிடம் மன்னிப்புக் கேட்டாய்.

இப்போது உன் மாமா விஷயத்துக்கு வருகிறேன். நீ இவ்வளவு நாள் கேட்டு வளர்ந்த கதை இதுதான்: எண்பதுகள் பிறந்த புதிதில் நல்லம்பள்ளிக்கு அந்தப் பக்கம் கரட்டு மலையடியில் நடந்த சுடும் பயிற்சியில், சின்னசாமி என்ற போலீஸ்காரன் துப்பாக்கிக் குழலுக்குள் துணியைச் சிக்க வைத்துவிட்டு, பயந்துபோய் அதை மறைத்துவிட்டான். அது தெரியாமல் அதே துப்பாக்கியால் உன் மாமா ராஜவேலு சுட்டார். குழல் வெடித்து அவருக்கு ஒரு கண்ணும் இடது கையில் இரண்டு விரலும் போயின. சின்னசாமிக்கு வேலை போனது. இந்தக் கதையைச் சொன்னது நான். எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான். இதில் ஒரு சொல் பொய். அவன் மறைக்கவில்லை.

புல்த்ரூ உனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தை உன் அம்மாவும் மாமாவும் படிக்க வேண்டும், அதனால் சொல்கிறேன். அது ஒரு கயிறு. ஒரு முனையில் சுண்டுவிரல் நீளத்துக்குப் பித்தளைக் குண்டு, மறு முனையில் துணி மாட்ட ஒரு வளையம். போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குண்டைப் பின்பக்கமாகக் குழலுக்குள் போட்டால் முன்பக்கம் வந்து விழும். அதைப் பிடித்து இழுத்தால் துணி கரியைத் துடைத்துக்கொண்டே வெளியே வரும். துணி இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று அளவு உண்டு. கூடுதலாகச் சுற்றினால் நடுவில் இறுகி நிற்கும். வலுவாக இழுத்தால் கயிறு அறும்.

அன்றைக்கு நாற்பது பேருக்கு ஆறு துப்பாக்கிகள். ஆறு ஆறு பேராகச் சுட வேண்டும். மற்ற இடங்களில் எல்லோரும் சுட்டு முடித்த பிறகுதான் துடைப்பார்கள். நான் ஒவ்வொரு அணிக்கும் நடுவே துடைக்கச் சொல்வேன். நேரம் போகிறது என்று சப் இன்ஸ்பெக்டர் முணுமுணுப்பார், நான் கேட்டதில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றாவது அணி சுட்டு முடித்த பிறகு, துடைக்கும் சாமான்களை விரிப்பில் வரிசையாக வைத்திருந்ததைப் பார்த்தேன். ஆறு புல்த்ரூ இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து.

"ஆறாவது எங்கடா?" என்று கேட்டேன்.

சின்னசாமி ஓடி வந்தான். ஒல்லியான ஆள், பாலக்கோட்டுப் பக்கம். வலது கையை இறுக்கி மூடியிருந்தான். "ஏட்டய்யா, அது வந்துங்க..." என்று ஆரம்பித்தான். கன்னத்தில் ஒன்று விட்டேன்.

"தொலச்சிட்டு என்னடா வந்துங்க?"

"தொலைக்கலீங்க. ஒரு நிமிசம் கேளுங்க, அது பேரல்ல..."

இரண்டாவது அடி. "வாயத் தொறந்தன்னா பல்லு இருக்காது. முட்டி போடு. தேடி எடுத்துக்கிட்டு வந்து அப்புறம் எங்கிட்ட பேசு."

அவன் முட்டி போட்டான். சரளைக் கல்லும் நெருஞ்சியும் உள்ள தரை அது. தொலையாத ஒன்றைத் தேடிக்கொண்டு தவழ்ந்தான். மூடிய கையின் முட்டியால் தரையை ஊன்றிக்கொண்டு போனான். ஏன் ஒரு கையை மூடியே வைத்திருக்கிறான் என்று ஒரு பச்சைக் குழந்தைக்குக்கூடக் கேட்கத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. ஆட்கள் சிரித்தார்கள். நான் சிரித்தால் சிரிப்பார்கள், முறைத்தால் நிறுத்துவார்கள். எனக்கு அது இனித்தது. மறைக்காமல் எழுதுகிறேன், ஒரு வளர்ந்த ஆள் என் சொல்லுக்குப் பயந்து நாலு காலில் போவதைப் பார்க்க இனித்தது.

அவன் துடைத்த துப்பாக்கி மட்டும் மற்ற ஐந்தோடு இல்லாமல் தள்ளி ஒரு கல்லில் சாய்ந்திருந்தது. போல்ட் தனியே கிடந்தது. யாரும் தொட்டுவிடக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறான். நான் அதை ஒழுங்கீனம் என்று எடுத்துக்கொண்டேன். போல்ட்டை எடுத்து மாட்டி, துப்பாக்கியைக் கொண்டுபோய் வரிசையில் வைத்தேன். குழலை ஒரு முறை வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்திருந்தால் போதும். மூச்சு விடும் நேரம் ஆகும். என் கண் சின்னசாமியின் மேல் இருந்தது.

அவன் பார்த்துவிட்டான். தவழ்ந்துகொண்டிருந்த இடத்திலிருந்து ஒரே கத்தாகக் கத்தினான். "ஏட்டய்யா, அது வேணாமுங்க! அதுல சுட வேணாமுங்க!"

"முட்டியத் தூக்குன, சாயந்தரம் வரைக்கும் தண்ணி கெடையாது" என்றேன்.

அவன் முட்டியைத் தூக்கவில்லை. வாயையும் மூடிக்கொண்டான். அவ்வளவு நன்றாகப் பழக்கி வைத்திருந்தேன்.

நாலாவது அணியில் உன் மாமா. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போய்ப் படுத்தார். அன்று காலை நம் வீட்டில்தான் சாப்பிட்டிருந்தார். இன்னும் இரண்டு தோசை போட்டுக்கொள் என்று உன் அம்மா வற்புறுத்த, "அக்கா, வயிறு கெட்டியா இருந்தா படுத்துச் சுட முடியாது" என்று கை கழுவிவிட்டு எழுந்தவர். கொடி இறங்கியது. ஐந்து சத்தம் ஒரு மாதிரி கேட்டது, ஆறாவது வேறு மாதிரி கேட்டது. குழல் நடுவில் பிளந்து, அதற்கு அடியில் இருந்த மரக்கட்டை சிதறி, உன் மாமா புரண்டு மல்லாந்தார். குறி பார்த்த கண்ணில் மரச் சிராய் ஏறியிருந்தது. முதலில் அவர் கத்தவே இல்லை. இடது கையைத் தூக்கிப் பார்த்து, "மாமா, வெரல் எங்க?" என்று என்னைக் கேட்டார். ஆட்கள் அவரை வண்டியில் ஏற்றினார்கள். நான் விரலைத் தேடினேன், தரையில், முட்டி போட்டு.

வண்டி போன பிறகு சின்னசாமி என் எதிரே வந்து நின்றான். முட்டி இரண்டிலும் ரத்தம். கையை அப்போதுதான் திறந்தான். உள்ளங்கையில் பித்தளைக் குண்டும், அதோடு ஒரு சாண் அறுந்த கயிறும். இவ்வளவு நேரமும் அதை இறுக்கிப் பிடித்ததில் குண்டின் அச்சு தோலில் பதிந்திருந்தது.

"துணி கெட்டியா சுத்திட்டனுங்க. கரி இருந்தா மூஞ்சில பூசுவீங்களேன்னு. அறுந்து உள்ளயே நின்னுபோச்சு. காட்டலாமுன்னுதானுங்க ஓடியாந்தன்" என்றான். அப்புறம் அழுதான். "நான் ஓடியாந்து புடுங்கியிருக்கணுமுங்க. நீங்க அடிச்சாலும் புடுங்கியிருக்கணுமுங்க."

நான் அந்தக் குண்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கடிகாரச் சாவியைப் போட்ட அதே பை என்று சொல்லலாம். சட்டைதான் வேறு. "இத நீ எங்கிட்ட காட்டவே இல்ல. புரியுதா?" என்றேன். அவன் தலையை ஆட்டினான். விசாரணையில் அவனைக் கேட்டார்கள், மறைத்தாயா என்று. ஆமாங்க என்றான். அவனுக்கு உண்மையிலேயே தான் குற்றவாளி என்று பட்டிருக்க வேண்டும். என் கீழ் நாலு வருஷம் இருந்தவனுக்கு வேறு எப்படிப் படும்? அடி விழுந்ததைப் பார்த்த முப்பது பேர் இருந்தார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. என்னை அவ்வளவுக்கு மதித்தார்கள் என்று வைத்துக்கொள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மாமா பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போய் இருக்கிற நிலத்தில் மஞ்சள் போட்டு ஒற்றைக் கண்ணோடு காலம் தள்ளுகிறார். வரப்பில் கால் இடறும்போதெல்லாம் சின்னசாமியின் பெயரைச் சொல்லித் திட்டுகிறார். "எந் தம்பி கண்ணத் தின்னவன் வூடு வெளங்குமா? அவங் கையில புழு வெக்கணும்" என்று உன் அம்மா மண்ணை வாரித் தூற்றியதை நீ பார்த்திருக்கிறாய். அவள் பக்கத்தில் நின்று, "அழாத, உடம்புக்கு ஆகாது" என்று தண்ணீர் கொடுத்தவன் நான். தூற்றிய மண் யார் மேல் விழ வேண்டும் என்று தெரிந்துகொண்டே கொடுத்தேன். என் சோற்றில் ஒரு நாளும் உப்புக் குறையவில்லை. நன்றாகத் தூங்கினேன். உறுத்தி உறுத்தி இளைத்துப் போனேன் என்று எழுதினால் நீ இரக்கப்படுவாய். அப்படி ஒன்றும் இல்லை. மனுஷன் எதையும் பழகிக்கொள்கிறான், என்னைப் போன்றவன் சீக்கிரமாகப் பழகிக்கொள்கிறான்.

ஆகவே உனக்குச் சொல்கிறேன். சுடுதளத்தில் ஒருவன் வந்து ஒரு சாமான் காணோம் என்றால், தரையில் தேடும் முன் குழலைப் பார். ஒரு துப்பாக்கி ஏன் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்காமல் அதைத் தொடாதே. அறுந்ததையும் உடைந்ததையும் கொண்டுவந்து காட்டுகிறவனை அடிக்காதே, திட்டக்கூடத் திட்டாதே. அவன் கையில் இருப்பதை வாங்கிப் பார்த்து, எல்லாத் துண்டும் சேர்ந்து முழுசாகிறதா என்று பார். ஒரு துண்டு குறைந்தால் அது எந்தக் குழலில் இருக்கிறது என்று தெரியும் வரை ஒரு தோட்டாவையும் கொடுக்காதே. மேலதிகாரி அவசரப்பட்டால் படட்டும். உன்னிடம் உண்மையைச் சொல்ல உன் ஆட்கள் பயந்தால் உன் ஆயுத அறை எவ்வளவு பளபளத்தாலும் அது கொலைக்களம்தான்.

இது வரைக்கும் எழுதியதற்கே நீ என்னை வெறுத்திருப்பாய். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அது உன்னுடையது.

நாலு வருஷம் முன்னால், பயிற்சி முடித்து முதல் லீவில் வந்திருந்தாய். சேலம் போகும் வழியில் தொப்பூரில் பஸ் நின்றது. லாரிக்காரர்கள் சாப்பிடும் அந்தக் கொட்டகைக் கடையில் டீ குடிக்க உட்கார்ந்தோம். டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "நல்லாருக்கீங்களா ஏட்டய்யா" என்றான். யார் என்று நீ கேட்டாய். அவனே சொன்னான், "சின்னசாமிங்க தம்பி, அய்யாகிட்ட வேல பாத்தவன்." நீ எழுந்தது தெரியும், அடுத்தது சத்தம்தான் கேட்டது. "எங்க மாமன் கண்ணத் தின்னுட்டு இங்க டம்ளர் கழுவுறியாடா?" என்று கத்தினாய். இடது கன்னம். அவன் தடுமாறி ஓலைத் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையைத் தூக்கித் தடுக்கவில்லை. லாரிக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் டீயைக் குடித்தேன். சூடாக இருந்தது, ஊதி ஊதிக் குடித்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் கை நின்றிருக்கும். இரண்டாவது அடியும் விழுந்தது. உன்னைப் பார்த்து என் மகன் என்று எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நீ காறித் துப்பிவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டாய். அதனால் அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. அவன் என் டம்ளரை எடுக்க வந்தான். உதட்டு ஓரம் கிழிந்திருந்தது. நான் காசு எடுக்கப் பையில் கை விட்டேன். அவன் வேண்டாமுங்க என்று தலையசைத்துவிட்டுக் கன்னத்தைத் தடவிக்கொண்டான். கோபம் இல்லை, குத்தலும் இல்லை. ஊரில் யார் வீட்டுக் குழந்தைக்கு யார் மூக்கு என்று சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னான்.

"தம்பிக்கு அப்படியே உங்க கைதானுங்க, ஏட்டய்யா."

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் இருக்கிறது. பித்தளைக் குண்டும் ஒரு சாண் கயிறும். உறையை ஒட்டவில்லை, உன் அம்மாவும் படிக்கட்டும், நான் தடுக்க மாட்டேன். நேரில் போய்ச் சொல்ல வேண்டியவன் நான்தான். போக மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். இதையும் உன் தலையிலேயே கட்டுகிறேன், என்னால் ஆனது அவ்வளவுதான். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போய் உன் மாமாவிடம் முதல் வரியிலிருந்து படித்துக் காட்டு. திங்கட்கிழமை சேலம் பஸ் தொப்பூரில் பத்து நிமிஷம் நிற்கும். இறங்கு. சின்னசாமி எழுந்து நிற்பான், உன்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக் கன்னத்தை மறைப்பான். அவன் கையை விரிக்கச் சொல்லி இந்தக் குண்டை அதில் வை. அதற்குப் பிறகு போய்ச் சாவியை வாங்கு.